தீவுக் காட்டுக்கு ஈடு எது? வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் கிரேட் நிக்கோபார் தீவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், அதையொட்டி விமான நிலையம், மின் நிலையம், புதுநகரம். இவற்றுக்காக 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் மழைக்காட்டைக் கொடுப்பதாக அரசு முடிவெடுத்திருக்கிறது என்பதுதான் அதன் சாரம். இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள், சிலர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் இந்த முறை வேறு கேள்விகள் இல்லை.

புலி இல்லை, யானை இல்லை, மான்கூட இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு அந்தக் காட்டில் காப்பாற்ற என்னதான் இருக்கிறது? – வாசகர், சேலம்

பெரிய விலங்கு இருந்தால்தான் காடு என்று நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. சரணாலயம் என்றாலே ஜீப், புலி, புகைப்படம்.

கிரேட் நிக்கோபார் சுமார் 910 சதுர கிலோமீட்டர். தெற்கே ஆழமான கடலைத் தாண்டினால் சுமத்ரா. அந்தக் கரை நம் தமிழகக் கரையைவிடப் பல மடங்கு பக்கம். வடக்கே அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவில் பத்து டிகிரிக் கால்வாய். இந்தத் தண்ணீரை நீந்தியோ பறந்தோ, மிதக்கும் மரத்தைப் பற்றிக்கொண்டோ கடந்து வந்தவை மட்டும்தான் அங்கே குடியேறின. வந்தவை கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் வெளித்தொடர்பே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பெருகி, வேறெங்கும் இல்லாத உயிர்களாக மாறிவிட்டன. புலி வராததால்தான் அந்த இடம் இப்படி ஆனது.

நிக்கோபார் மரமூஞ்சூறு உலகத்திலேயே இரண்டு தீவுகளில்தான் இருக்கிறது: கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார். அதிலும் தீவுக்கு ஒன்றாக இரண்டு உள்ளினங்கள். நிக்கோபாரின் நீள்வால் குரங்கு மூன்றே தீவுகளில் உண்டு, அந்த இரண்டோடு கச்சால் மூன்றாவது. காக்கையைவிடச் சற்றே பெரிதான ஒரு பாம்புண்ணிக் கழுகு இருக்கிறது. கழுகு இனங்களிலேயே மிகச் சிறியவற்றில் அது ஒன்று. தீவின் முக்கிய ஊரான கேம்பல் பே பகுதியில் கிடைத்த ஒரு சிறிய ஆந்தையைப் புது இனம் என்று அறிவியல் உலகம் அறிந்துகொண்டதே 1998-இல்தான்.

நானே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். விடிந்து சற்று நேரத்தில், அடிமரத்தின் பட்டையைக் கிளறியபடி ஒரு மரமூஞ்சூறு மேலே ஏறிக்கொண்டிருந்தது. பார்வைக்கு அணில்தான், ஆனால் மூக்கு நீளம். அதற்கு இரண்டு முழம் மேலே ஒரு துடுப்புவால் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. மூஞ்சூறு கிளறக் கிளறப் பூச்சிகள் பதறிப் பறந்தன, கரிச்சான் பாய்ந்து பிடித்தது. மூஞ்சூறு அடுத்த மரத்துக்குத் தாவியது, கரிச்சானும் கூடவே போனது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு கொம்பில் வல்லூறு ஒன்று. அதுவும் இந்த இருவருக்குப் பின்னாலேயே மரம் மரமாக நகர்ந்தது. பாலூட்டி ஒன்றும் பறவைகள் இரண்டும் இப்படி ஒன்றாக இரை தேடுவதை ஆய்வாளர்கள் அந்தத் தீவில் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தக் கூட்டணிக்குத் தொடர்ச்சியான காடு வேண்டும், ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கிளை எட்ட வேண்டும். நடுவில் அகலமாக ஒரு சாலை விழுந்தால் மூஞ்சூறு அந்தப் பக்கம் போகாது.

அடைகாக்காத பறவை அங்கே இருக்கிறதாமே? குஞ்சு எப்படி வரும்? – எட்டாம் வகுப்பு மாணவி, விருதுநகர்

உன் கேள்விதான் இந்தக் கட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, கண்ணு. அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

அதன் பெயர் நிக்கோபார் மெகாபோடு. உருவத்தில் நாட்டுக்கோழி மாதிரி, பழுப்பு நிறம், கண்ணைச் சுற்றிச் சிவந்த தோல், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால்கள். மொத்தச் சூட்சுமமும் அந்தக் காலில்தான். சோடியாகச் சேர்ந்து, கடற்கரை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் மணலையும் மண்ணையும் உதிர்ந்த இலைகளையும் பவளத் துண்டுகளையும் பின்காலால் வாரி வாரித் தள்ளி ஒரு மேடு கட்டும். சில மேடுகள் என் இடுப்பு உயரம் இருக்கும். பல சோடிகள் ஒரே மேட்டைப் பயன்படுத்துவதும் உண்டு. அதில் ஆழமாகக் குழி பறித்து ஒரு முட்டையை வைத்து மூடிவிடும். உடம்பின் அளவோடு பார்த்தால் ரொம்பப் பெரிய முட்டை.

உள்ளே இருக்கும் இலைதழை மட்கும்போது சூடு பிறக்கும். வீட்டுக் கொல்லையில் எருக்குழியைக் கிளறினால் ஆவி வருமே, அதே சூடுதான். அந்தச் சூடு ஏறத்தாழ 33 டிகிரியில் நிற்கும். நான் ஒரு பழைய மேட்டில், முட்டை இல்லாத பக்கமாக முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். வெளியே மழையில் நனைந்து விறைத்துப் போயிருந்தது கை. உள்ளே காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. மழை கூடினாலும் குறைந்தாலும் பறவை வந்து மேட்டைக் கிளறிவிடும், புது இலை சேர்க்கும். அடைகாக்காத பறவை என்று சொல்கிறோமே தவிர, மாதக்கணக்கில் அது பார்க்கும் வேலை சாதாரணமானதில்லை.

பத்து வாரத்துக்கு மேல் ஆகும் குஞ்சு பொரிக்க. வரும்போதே முழு இறகோடு வரும். உள்ளிருந்து தானே மண்ணைக் கிளறி வெளியே வந்துவிடும், அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். வந்த கொஞ்ச நேரத்திலேயே காட்டுக்குள் ஓடிவிடும். உடும்பும் மலைப்பாம்பும் மோப்பம் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் திரிவதால், நின்று பார்க்க அதற்கு நேரம் கிடையாது.

நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அந்த மேடு இருக்கும் இடத்தை. முழுக் கடற்கரையிலும் இல்லை, முழுக் காட்டுக்குள்ளும் இல்லை. இரண்டும் சேரும் ஒடுக்கமான பட்டையில்தான் பெரும்பாலான மேடுகள். 2004 சுனாமி முதலில் அடித்ததும் அந்தப் பட்டையைத்தான். கோவையில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ஆர். சங்கரன் 1990-களில் தீவு தீவாக நடந்து இந்த மேடுகளைக் கணக்கெடுத்திருந்தார். சுனாமிக்குப் பிறகு 2006-இல் கே. சிவகுமார் மறுபடி போய் எண்ணியபோது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்துவிட்டது தெரிந்தது. முன்பே எண்ணி வைத்த ஒருவர் இருந்ததால்தான் எவ்வளவு போயிற்று என்றாவது தெரிந்தது. பெரியவளானதும் நீ இந்த வேலைக்கு வர விரும்பினால், எண்ணப் பழகு. பறவை, மரம், தவளை, எதுவானாலும் எண்ணித் தேதியோடு எழுதி வை.

வெட்டும் மரங்களுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடப்போகிறார்கள் என்று படித்தேன். கணக்கு நேராகிவிடுகிறதே, இன்னும் ஏன் எதிர்ப்பு? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

ஐயா, வங்கிக் கணக்கில் இங்கே எடுத்ததை அங்கே போடலாம். காட்டுக் கணக்கில் அது நடக்காது.

வெட்ட வேண்டிவரும் மரங்கள் 9.64 லட்சம் என்று 2023-இல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. அந்தமான் நிக்கோபாரில் ஏற்கெனவே பெரும்பகுதி காடு, அங்கே புதிதாக நட இடமில்லை, ஆகவே ஈட்டுக்காட்டை வேறு மாநிலத்தில் வளர்க்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. விதிப்படி தவறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை அந்த விதியோடுதான்.

கிரேட் நிக்கோபாரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஹரியானாவின் சராசரி 600-ஐக் கூடத் தொடாது. அங்கே எதை நட்டாலும் அந்த மண்ணுக்கேற்ற வறண்ட காடுதான் வரும். வரட்டும், அங்குள்ள ஆரவல்லி மலைக்கு அந்தக் காடு வேண்டியதுதான், அதற்காகவே அதை வளர்க்கலாம். ஆனால் அதில் மரமூஞ்சூறு ஏறப்போவதில்லை. நிக்கோபார்ப் புறா அங்கே போய்ப் பழம் தின்னப்போவதில்லை. நிக்கோபார் தாழையை அங்கே வளர்க்கவும் முடியாது. அந்தத் தாழைப் பழத்தை நம்பித்தான் தீவின் பழங்குடிகளான ஷோம்பென் மக்களும் குரங்குகளும் வாழ்கிறார்கள். ஷோம்பென்களுக்கு நமக்குச் சோறு எப்படியோ அப்படி அது.

அரசுத் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். எடுக்கும் பரப்பில் ஏறத்தாழ பாதியைப் பசுமைப் பகுதியாக விடுவோம், மரங்களைக் கட்டம் கட்டமாகத்தான் வெட்டுவோம் என்கிறார்கள். தீவின் பெரும்பகுதி தேசியப் பூங்காவாகவும் உயிர்க்கோளக் காப்பகமாகவும் தொடரும் என்கிறார்கள். கேம்பல் பே, கலாத்தியா என்று இரண்டு தேசியப் பூங்காக்கள் 1992-இலிருந்து அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் கட்டடத்துக்கும் சாலைக்கும் நடுவே விடப்படும் காட்டுத் துண்டு சீக்கிரமே காய்ந்துபோகும். ஓரம் திறந்தவுடன் வெயில் உள்ளே விழும், காற்று உள்ளே வரும். நிழலிலேயே வளர்ந்த மரப்பெரணியும் பாசியும் முதலில் கருகும், கொடிகள் ஏறி ஓரத்து மரங்களை அமுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும். பாதி பரப்பு மிச்சம் என்றால் பாதிக் காடு மிச்சம் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. பூங்காக்கள் பெரும்பாலும் மலையையும் உள்காட்டையும் சேர்ந்தவை. துறைமுகத்துக்கு வேண்டியது தாழ்வான கரையோரம். மெகாபோடு, ஆமை, முதலை, கொள்ளைக்கார நண்டு (தேங்காய் நண்டு) எல்லாம் நம்பியிருப்பதும் அதே தாழ்வான கரையோரத்தைத்தான். மலையை வைத்துக்கொண்டு கரையைக் கொடுத்தால் எந்த உயிர்களை இழக்கிறோம் என்பதுதான் கேள்வி. எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்பதை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஆமைகளுக்கும் மெகாபோடுக்கும் வேறு தீவுகளில் சரணாலயம் அறிவித்துவிட்டார்களே? – வாசகி, காரைக்கால்

அறிவித்தார்கள். 1997-இலிருந்து சரணாலயமாக இருந்த கலாத்தியா விரிகுடாவின் அந்தஸ்தை 2021 ஜனவரியில் நீக்கினார்கள். அடுத்த ஆண்டு லிட்டில் நிக்கோபாரில் தோல்முதுகு ஆமைக்கும், மெஞ்சல் என்ற குட்டித் தீவில் மெகாபோடுக்கும், மெரோ தீவில் பவளத்துக்கும் சரணாலயங்கள் வந்தன.

லிட்டில் நிக்கோபார் கரைகளில் ஆமைகள் முன்பிருந்தே முட்டையிடுகின்றன. அங்கே சரணாலயம் அறிவித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் ஏற்கெனவே இருந்ததற்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம், அவ்வளவே. நம் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்பார்களே, அதுதான் இது. உலகின் மிகப் பெரிய ஆமை. இந்தியாவில் அது முட்டையிடும் கரைகளில் முதன்மையானது கலாத்தியா. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் கரையேறும். சுனாமியில் அந்த மணற்பரப்பே காணாமல் போனது. பிறகு ஆறும் கடலும் சேர்ந்து மணலை மீண்டும் கொண்டுவந்து போட்டன, ஆமைகளும் திரும்பி வந்தன. குறுக்கே கல்லும் கான்கிரீட்டும் இல்லாததால்தான் அது நடந்தது. அலைத்தடுப்புச் சுவர் கட்டி, கடலடியைத் தோண்டி, இரவெல்லாம் விளக்கு எரிந்தால் அந்தக் கரை அப்படித் திரும்பி வராது.

லிட்டில் அந்தமானில் சில ஆமைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். சில மேற்கு ஆஸ்திரேலியக் கடல் வரை போயின, சில ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கம் போயின. அத்தனை பெரிய கடலைச் சுற்றும் உயிருக்கு முட்டையிடத் தோதான கரைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

மெஞ்சல் விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம். ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தீவு அது. மெகாபோடின் பெயரிலேயே, அதற்கென்றே சரணாலயமாக இருந்த இன்னொரு குட்டித் தீவு 2004-இல் கடலுக்குள் போய்விட்டது. அதே கடலில் மறுபடி ஒரு சின்னத் தீவை நம்பி ஒரு பறவையின் பிழைப்பை வைக்கலாமா?

என் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று 1970-களில் கேம்பல் பேயில் நிலம் பெற்றுக் குடியேறியவர். கப்பலுக்கும் டாக்டருக்கும் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர் முன்னேறக் கூடாதா? – வாசகர், திருச்சி

உங்கள் கடிதம் இரண்டு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன், கோபத்தைச் சுருக்கவில்லை.

உங்கள் பாட்டில் கொஞ்சம் எனக்கும் தெரியும். போர்ட் பிளேரிலிருந்து கப்பல் எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாமல் துறைமுகத்தில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த குடும்பங்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். கிளம்பினாலும் கடலில் இரண்டு நாளுக்குக் குறையாது. பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு ஹெலிகாப்டர் வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரையும் பார்த்திருக்கிறேன். 1969-இல் தொடங்கி, பஞ்சாப், தமிழ்நாடு, கேரளா என்று பல மாநிலங்களிலிருந்து முன்னூறுக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களை நாடுதான் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. குடியமர்த்திய பிறகு கப்பலும் டாக்டரும் தராமல் விட்டது பெரிய அநியாயம். அதைக் காட்டின் பெயரால் நியாயப்படுத்த எனக்கு மனமில்லை.

ஆனால் உங்களுக்கு வேண்டியது என்ன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: நாள் தவறாத கப்பல், அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரி, சுனாமியில் அறுந்த சாலை, குரங்கு அழிக்கும் தென்னைக்கு நஷ்ட ஈடு, பிள்ளைகளுக்கு மேல்படிப்பு. இந்தப் பட்டியலில் எதற்கும் 130 சதுர கிலோமீட்டர் காடு தேவையில்லை. இன்று தீவில் சுமார் 8,000 பேர். திட்ட ஆவணங்களின்படி சில பத்தாண்டுகளில் அது மூன்றரை லட்சம் ஆகும். அந்த மூன்றரை லட்சத்தில் உங்கள் அப்பாவின் குரல் இப்போதைவிட உரக்கக் கேட்கும் என்று நீங்கள் நம்புகிறீர்களா? எனக்கு நம்பிக்கையில்லை.

உங்களுக்கு முன்பே அங்கே இருந்தவர்களையும் இங்கே பேசியாக வேண்டும். கரையோர நிக்கோபாரி மக்கள் சுனாமியில் ஊரை இழந்து, தற்காலிகம் என்று சொல்லித்தான் கேம்பல் பே அருகே குடியமர்த்தப்பட்டார்கள். மேற்குக் கரையிலும் தெற்கிலும் உள்ள தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பழங்குடி மன்றம் 2022 ஆகஸ்டில் திட்டத்துக்குக் கொடுத்த ஒப்புதலை அதே ஆண்டு நவம்பரில் திரும்பப் பெற்றது. உள்காட்டில் வாழும் ஷோம்பென்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேர். வெளியாட்களோடு கலக்காதவர்கள். நமக்குச் சாதாரணச் சளிக்காய்ச்சல், அவர்களுக்கு உயிராபத்து. தீவில் பெரிய திட்டம் எதுவானாலும் அவர்களுடைய நலனுக்கே முன்னுரிமை என்று 2015-ஆம் ஆண்டின் ஷோம்பென் கொள்கை சொல்கிறது. அரசே எழுதிவைத்த கொள்கை அது.

பூமியையும் மறக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று தீவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நாலேகால் மீட்டர் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்துவிட்டது. நாட்டின் மிகக் கடுமையான நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது உங்கள் ஊர். அந்த நாளை உங்கள் அப்பா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

பாதுகாப்புப் படைக்குத் தேவை என்று எழுதியிருக்கிறீர்கள். கேம்பல் பேயில் கடற்படையின் ‘பாஸ்’ என்ற விமானத் தளம் 2012-இலிருந்து இருக்கிறது. அதை வலுப்படுத்த வேண்டுமென்றால் அதைத் தனியாகப் பேசலாம். வணிகத் துறைமுகத்தையும் புதுநகரத்தையும் அதோடு சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதைத்தான் நான் ஏற்கவில்லை.

ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இந்தத் தீவுகள்தானா? – தமிழாசிரியர், தஞ்சாவூர்

ஆம். 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பைச் சொல்லும் பகுதியில் ‘தேனக்க வார்பொழில் மாநக்கவாரம்’ வருகிறது. மற்ற ஊர்களுக்கு மதிலையும் வாயிலையும் அகழியையும் சொன்ன புலவர் இந்தத் தீவுகளுக்குப் பொழிலைச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் இதை நடத்தும்போது வரைபடத்தையும் விரித்துக் காட்டுங்கள்.

நாய்கள்தான் ஆமை முட்டைக்கு எதிரி என்று எழுதியிருந்தீர்கள். காட்டை அழிப்பவர்களை விட்டுவிட்டு வாயில்லா ஜீவனைக் குறை சொல்வது நியாயமா? – பிராணிகள் நல ஆர்வலர், கோவை

நாயைக் குறை சொல்லவில்லை. அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்களைச் சொன்னேன்.

தீவு உயிர்களுக்கு வேட்டைக்காரர்களோடு பழக்கமில்லை. மொரீசியஸ் தீவின் டோடோ பறவை 17-ஆம் நூற்றாண்டில் அழிந்ததற்கு மாலுமிகளின் பசி மட்டும் காரணமில்லை, அவர்கள் கப்பலில் வந்த எலி, பன்றி, குரங்கு எல்லாம் சேர்ந்துதான் அந்த வேலையை முடித்தன. அந்த டோடோவுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? நிக்கோபார்ப் புறா. கழுத்தில் நீண்ட இறகும் உடம்பெல்லாம் பச்சையும் செம்பும் மின்ன, குட்டை வெள்ளை வாலோடு இருக்குமே, அதே புறா.

அந்தமானில் நடந்ததைப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள் பெருகி, காட்டில் முளைக்கும் கன்றுகளைத் தலையெடுக்க விடாமல் மேய்கின்றன. இன்டர்வியூ தீவில் 1962-இல் ஒரு மர நிறுவனம் நொடித்துப்போனபோது விட்டுச்சென்ற யானைகள் காட்டின் வடிவத்தையே மாற்றின. அண்மைக் காலத்தில் வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு கலந்து நம் ஊர்ப் பெருந்தவளை போய்ச் சேர்ந்திருக்கிறது. வயலில் மழைக்காலத்தில் மஞ்சளாகத் தெரியுமே, அந்தத் தவளைதான். அதன் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன. இங்கே உழவனுக்கு நண்பனான பிராணி அங்கே எமன்.

கட்டுமானம் தொடங்கினால் கப்பல் கப்பலாக மணல், ஜல்லி, தொட்டிச்செடி, தீவனம் இறங்கும். ஒவ்வொன்றிலும் எறும்பு, நத்தை, விதை, எலி ஒளிந்து வரும். வந்து பெருகிய பிறகு விரட்ட முடியாது, சரக்கு கப்பலில் ஏறும் இடத்திலேயே சோதித்து நிறுத்த வேண்டும். மண்ணோடு செடி ஏற்றக் கூடாது, மீன்குஞ்சைப் பிரித்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. துறைமுகம் வந்தாலும் வராவிட்டாலும் இன்றைக்கே இது தேவை. நாய்களுக்குக் கருத்தடை செய்ய வேண்டும், முட்டையிடும் கரைகளிலிருந்து அவற்றைப் பிடித்து ஊர்ப்பக்கம் கொண்டுவர வேண்டும், தொழிலாளர் முகாம்களில் நாய் வளர்க்கத் தடை வேண்டும். கொல்லச் சொல்லவில்லை, ஐயா. இதில் உங்களைப் போன்றவர்களின் அனுபவம் அங்கே மிகவும் தேவைப்படும்.

குடும்பத்தோடு அங்கே சுற்றுலா போக ஆசை. வழி சொல்லுங்கள். – வாசகி, ஈரோடு

மன்னியுங்கள், சொல்ல மாட்டேன். தீவின் பெரும்பகுதி பழங்குடி ஒதுக்ககம், அனுமதியின்றி நுழைவது 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் சரியானது என்பதே என் கருத்து. மழைக்காடு பார்க்கப் பிள்ளைகளை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அழைத்துப் போங்கள்.

எங்கோ தள்ளி இருக்கும் தீவுக்கு, தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

படிக்க முடியும், எழுத முடியும், கேட்க முடியும்.

பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வரைவாக வெளியாகும்போது, பொதுமக்கள் கருத்து சொல்லச் சட்டம் குறைந்தது முப்பது நாள் தருகிறது. நேரில் போக வேண்டும் என்பதில்லை, எழுதி அனுப்பலாம். கிரேட் நிக்கோபார் திட்டத்துக்கான கூட்டம் 2022 ஜனவரி 27 அன்று கேம்பல் பேயில் நடந்தது. அந்த வரைவைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் படித்திருப்போம்? உங்கள் துறை விலங்கியல் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் பத்துப் பேர் ஆளுக்கு ஓர் இயலைப் பிரித்துக்கொண்டு படித்தால், அதில் பறவைகளைப் பற்றிச் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம். பலர் இதைப் பயனற்றது என்று நினைக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. 9.64 லட்சம் மரங்கள் என்ற எண் நாடாளுமன்றத்தில்தான் பதிவானது. பொதுவாக ‘காட்டைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். கலாத்தியா கரையில் கடந்த பருவத்தில் எத்தனை ஆமைக் குழிகள் எண்ணப்பட்டன? மெகாபோடு மேடுகளின் கடைசிக் கணக்கெடுப்பு எந்த ஆண்டு, முடிவு வெளியாகியிருக்கிறதா? வெளியிலிருந்து வரும் சரக்கில் பூச்சியும் விதையும் வராமல் தடுக்கச் சோதனைச்சாவடி உண்டா, அதில் எத்தனை பணியாளர்கள்? நிக்கோபாரி மக்கள் தங்கள் பழைய ஊருக்குத் திரும்பக் கேட்ட மனு எந்த மேசையில் இருக்கிறது? இதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் நீங்களே மத்திய அமைச்சகத்துக்கும் அனுப்பலாம்.

பதில் கிடைத்தால் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள், இதே பகுதியில் வெளியிடுகிறேன்.